கேசட் இரைச்சல் – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு 24 வயது, சென்னையில் ஐடி வேலை. இரவு வேலை முடிந்து ஓஎம்ஆரில் பைக்கில் திரும்பும்போது தினமும் ஹெட்போனில் சிந்த்வேவ் இசைதான் கேட்கிறேன். 80களின் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒலியை இன்று திரும்பக் கொண்டுவரும் இசை அது. கவின்ஸ்கி, த மிட்நைட், பெர்ட்டர்பேட்டர். ஊதா வானம், பாதி மூழ்கிய சூரியன், கட்டம் போட்ட தரை என்று அந்த இசைக்கு வரையும் படங்களும் பிடிக்கும். 80களில் நான் பிறக்கவில்லை. அமெரிக்காவைப் பார்த்ததும் இல்லை. ஆனாலும் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி கண் கலங்குகிறது. வாழாத காலத்துக்கு ஏங்குவது போலித்தனம் என்கிறான் அறை நண்பன். அப்படியா? அந்தக் கால அனலாக் ஒலியில், கேசட் இரைச்சலில் இருந்த உயிர் இன்றைய துல்லியமான இசையில் இல்லை. அன்று மனிதர்கள் குறைகளோடு நிம்மதியாக இருந்தார்கள் என்று தோன்றுகிறது. பழைய கேசட் பிளேயர் ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

முதலில், காதில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

போலித்தனமா என்ற கேள்வியை விட்டுத்தள்ளுங்கள். நாஸ்டால்ஜியா என்ற சொல்லே 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோய்க்கு வைத்த பெயர். ஊரை விட்டுப் போன சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு வந்த நோய் அது. காய்ச்சல் அசலா போலியா என்று யாரும் கேட்பதில்லை. அதோடு, உங்கள் கவின்ஸ்கியே ஒரு கற்பனைப் பாத்திரம்தானே? 1986-ல் டெஸ்டரோசா கார் விபத்தில் செத்து, 2006-ல் பிணமாக எழுந்து வந்து பாட்டுப் போடுகிறவன். அந்தப் பாத்திரத்தை உண்டாக்கிய வின்சென்ட் பெலோர்ஜே ஒரு பிரெஞ்சுக்காரர், 1986-ல் சின்னப் பையன். அவர் ஏங்கும் அமெரிக்கா திரையில் பார்த்த அமெரிக்கா. 2010-ல் வந்த அவருடைய 'நைட்கால்' அடுத்த வருடம் 'டிரைவ்' படத்தில் வந்தது, 2024 பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழா மேடைவரை போனது. வாழாத ஊருக்கு ஏங்கி எழுதிய பாட்டுக்கு இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்? உங்கள் நண்பனிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குச் சுருக்கென்று பட்டது இரைச்சலைப் பற்றி நீங்கள் எழுதிய வரி. போன வாரம்தான் என் மகன் கணினியில் ஒரு மென்பொருளைக் காட்டினான். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1982-ல் கொண்டுவந்த ஜூனோ-60 சிந்தசைசரின் நகல். சிந்த்வேவ்காரர்களுக்கு அது கோயில் விக்கிரகம் மாதிரி. அந்தக் கருவியில் கோரஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ஒலி அகன்று விரியும், கூடவே 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலும் வரும். மென்பொருளில் அந்த இரைச்சலுக்கென்றே தனியாக ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். மகன் அதைப் பாசத்தோடு திருகிக் கூட்டினான். "அணைடா அதை" என்றேன். கோபமாகவே சொல்லிவிட்டேன் போல, அவன் திரும்பிப் பார்த்தான்.

ஜூனோவை எதற்காகச் செய்தார்கள் தெரியுமா? அதற்கு முந்தைய அனலாக் கருவிகள் சூடேறச் சூடேற சுருதி விலகும். கச்சேரிக்கு நடுவில் நிறுத்திச் சுருதி சேர்க்க வேண்டும். அந்த அவஸ்தையைத் தீர்க்கத்தான் சுருதியை டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு நிறுத்திய சுருதி விலகலை, இன்று மென்பொருளில் மறுபடியும் கொஞ்சம் தூவி 'வெதுவெதுப்பு' என்கிறீர்கள். ஒலிப் பொறியாளர் ரே டால்பி கதையும் இதேதான். 1963-ல் ஐ.நா. ஆலோசகராக இந்தியாவுக்கு வந்து இரண்டு வருடம் இருந்தவர். 1965-ல் லண்டன் போய்க் கம்பெனி தொடங்கினார். அங்கே அவர் முதலில் செய்த வேலையே டேப் இரைச்சலை அமுக்குவதுதான். அவரிடம் போய் இரைச்சலில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

1988-ல், பிளஸ் டூ முடித்த கையோடு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் சில மாதம் வேலை பார்த்தேன். துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் பன்னிரண்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்கார அண்ணாச்சிக்குப் பொறுக்காது. ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பார்த்து வரிசையை மாற்றுவார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை சாமி படத்துக்கு ஊதுபத்தி. இரண்டாவது வேலை, தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தொட்டு, கேசட் டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டைத் துடைப்பது. பஞ்சு பழுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஹெட் பக்கத்திலிருக்கும் திருகை முடியளவு திருப்புவார். கண்ணை மூடிக்கொள்வார். ஒலி மங்கலாக இருக்கும், மங்கலாக இருக்கும், ஓர் இடத்தில் ஜால்ரா கண்ணாடிச் சில்லு மாதிரி பளிச்சென்று கேட்கும். அங்கே கையை எடுத்துவிடுவார். மீட்டர் எதுவும் கிடையாது, காதுதான்.

ஒருநாள் அவர் வெளியூர் போயிருந்தார். நான் துடைக்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன. சவூதிக்குப் போகிற ஒருவருக்கு ஒரு கேசட் முழுக்கப் பதிந்து கொடுத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் கேசட் வாங்கிப் போனவர் திரும்பி வந்தார். சண்டையெல்லாம் போடவில்லை. "கம்பளிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த நாள் காலையில் அவருக்கு ரயில். அண்ணாச்சி கேசட்டை வாங்கிப் போட்டு அரை நிமிடம் கேட்டார். "ஏல, ஜால்ரா செத்துக் கெடக்கு, ஒனக்குக் கேக்கலையா?"

பதிவு என்பது அப்போது பாட்டு ஓடுகிற நேரத்துக்கு ஓட வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். கடையை அடைத்த பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்பி தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டு, முதல் பாட்டிலிருந்து திரும்பப் பதிந்தார். நான் தட்டு எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் பேசவில்லை. முடிந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. காசு வாங்க மாட்டீர்களா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது: "ரெண்டு வருசம் இதத்தான கேக்கப் போறான். அங்க போயி யாருகிட்ட ரெக்கார்டு பண்ணுவான்?"

அன்று மனிதர்கள் குறைகளோடு நிம்மதியாக இருந்தார்களாம். யார் சொன்னது உங்களுக்கு? டெக்கில் நாடாவை ஓட்டும் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுபட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் மென்பொருளில் அந்த இழுபாட்டுக்கும் ஒரு குமிழ் இருக்கிறது, பார்த்தேன்.

சரி, ரொம்பத் திட்டிவிட்டேன். பிழையிலிருந்து அழகு பிறக்காது என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் இசையில் 'டப்' என்று வெடித்துச் சட்டென்று அறுபடும் டிரம் சத்தம் இருக்கிறதே, அது பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கான பதிவில் கிட்டத்தட்டத் தற்செயலாகக் கிடைத்தது. ஸ்டுடியோவுக்குள் இருப்பவர் பேசுவதற்கு வைத்திருந்த மைக்கில் ஃபில் காலின்ஸின் டிரம்ஸ் விழுந்தது. பொறியாளர் ஹ்யூ பேட்காம் அதைக் கேட்டு விடாமல் பிடித்துக்கொண்டார். அதற்கும் ஒரு காது வேண்டியிருந்தது. கட்டம் போட்ட தரையும் இப்படித்தான். அன்றைய கணினிகளின் சக்திக்குக் கோடுகளைப் போடுவதுதான் சுலபம். அந்தக் கோடுகளை அவர்கள் எதிர்காலம் என்று நம்பி வரைந்தார்கள், பழைய காலம் என்று நினைத்து இல்லை. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும், மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேசட் பிளேயர் வாங்குவது உங்கள் இஷ்டம். வாங்கினால் முதலில் பெல்ட்டை மாற்றுங்கள், பழைய ரப்பர் இளகிக் கையில் கறுப்பாக ஒட்டும். ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், பஞ்சு வெள்ளையாக வரும்வரை. திருகை முடியளவுதான் திருப்ப வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். ஜால்ரா கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.