எந்தக் கேள்வியை முதலில் ஆராய்வது?

கேள்வி: திருநர் உடல்நலம் பற்றிய ஆய்வுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி எங்களைக் கூப்பிடுகிறது. முன்பு வந்தவர்கள் எச்.ஐ.வி. பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். எதை ஆராய்வது என்பதை நாங்களும் சேர்ந்து முடிவு செய்ய வழி உண்டா?
– திருநர் அமைப்பு ஒருங்கிணைப்பாளர், விழுப்புரம்

பதில்: உண்டு. பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் இதற்கென்றே ஒரு முறையை வகுத்திருக்கிறது. நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள், மருத்துவர்கள் மூவரும் சமமாக உட்கார்ந்து ஆய்வுக்கான முதல் பத்துக் கேள்விகளைத் தேர்வு செய்வார்கள். ஆய்வாளர் உதவலாம், ஓட்டுப் போட முடியாது. கல்லூரியிடம் இந்த ஒன்றை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

திருநம்பிகள் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) பெரும்பாலும் திருநங்கைகளின் கூட்டுக் குடும்ப அமைப்பான ஜமாத்துக்கு வெளியே இருப்பதால் விட்டுப்போவார்கள். அவர்களைத் தேடிப்போய்க் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வில் பங்கேற்பவரின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்தபின், "உங்கள் உடல், சிகிச்சை பற்றி விடை கிடைக்காமல் இருப்பது என்ன?" என்று எல்லாரிடமும் கேளுங்கள். கூகுள் படிவம் மட்டும் போதாது, நேரிலும் கேட்க வேண்டும். ஜமாத்தில் மூத்தவரான குரு பக்கத்தில் இருந்தால் அவருடைய சேலா (சீடர்) மனம்விட்டுப் பேசமாட்டார், தனியாகக் கேளுங்கள். பெயர், அடையாள அட்டை எண் வேண்டாம். வயதும் மாவட்டமும் போதும்.

வந்ததைத் தரம் பிரிக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "எந்த வார்டில் படுக்கவைப்பது என்றே சண்டை" என்பது குறை. அதைத் தூக்கிப் போடாமல் தனிப் பட்டியலாக மருத்துவமனை நிர்வாகத்திடம் கொடுங்கள். "கருத்தடை மாத்திரையை ஹார்மோனாகப் போட்டுக்கொண்டால் ஆபத்தா?" என்பதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது: அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், புகை பிடிப்பவருக்கு இன்னும் அதிகம். இதற்கு ஆய்வு எதற்கு? துண்டறிக்கை போட்டு உடனே ஊரெல்லாம் சொல்லுங்கள். "நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் சடங்கு அல்லது அறுவை) முடிந்து இருபது வருடம் ஹார்மோனே எடுக்காத நம் ஊர் அக்காக்களுக்கு எலும்புப் பரிசோதனை எந்த வயதில் தொடங்க வேண்டும்?" இதுதான் ஆய்வுக் கேள்வி. மருத்துவ மொழிக்கு மாற்றும்போது அர்த்தம் நழுவும். கேட்டவர் சொன்ன சொற்களையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நீண்ட பட்டியலை மறுபடி எல்லாரிடமும் கொண்டுபோய் இருபது அளவுக்குச் சுருக்குங்கள். கடைசி நாள் இருபத்துநான்கு பேர், எட்டெட்டாக மூன்று வட்டம். கேள்விக்கு ஒரு அட்டை. பேசிப் பேசி அடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் ஆட்களை வட்டம் மாற்றி உட்காரவைத்து மறுபடி அடுக்குங்கள்; இல்லாவிட்டால் உரக்கப் பேசும் ஒரு மருத்துவரின் வரிசையே நின்றுவிடும். வந்தவர்கள் இழந்த நாள்கூலியும் பயணச் செலவும் அன்றைக்கே கையில் தரப்பட வேண்டும். மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும்.

கேள்வி: பத்துக் கேள்வி தேறியபின் யாரிடம் போவது?
– திருநம்பி வாசகர், மதுரை

பதில்: 2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இவர்களின் உடல்நலச் சிக்கல்களுக்காக மருத்துவப் பாடத்திட்டத்தையும் ஆய்வையும் மறுபரிசீலனை செய்யும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி, 2008-இல் அமைந்த தமிழ்நாடு திருநங்கைகள் நலவாரியத்துக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் மனுக் கொடுங்கள். பட்டியலோடு, எத்தனை பேர் எந்தெந்த மாவட்டத்திலிருந்து பேசினார்கள் என்ற ஒரு பக்கக் கணக்கும் இருக்கட்டும்.