வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா: பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளியிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை சிங்கப்பூரைப் பற்றியவை. எனவே பதில்களும் அதை ஒட்டியே இருக்கின்றன.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனை ஜனவரியில் சிங்கப்பூர் அழைத்துப் போகிறார்கள். பாஸ்போர்ட் மே மாதம் வரை செல்லும். போதுமா? பெயர்ப் பட்டியலுக்கு இனிஷியலோடு பெயர் கொடுத்திருக்கிறேன்.
– வாசகி, மடிப்பாக்கம்

போதாது. சிங்கப்பூரில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 6 மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும். இல்லையென்றால் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கு அல்லது 18 வயது நிறையும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். பெற்றோர் தங்கள் பாஸ்போர்ட்டைப் போல இதற்கும் 10 ஆண்டு என்று நினைத்துக்கொள்வதால்தான் கடைசி நேரத்தில் திண்டாட்டம்.

இன்றே ரீ-இஷ்யூவுக்கு விண்ணப்பியுங்கள். சிறுவர்களுக்குக் கட்டணம் ரூ.1,000, தட்கால் என்றால் கூடுதலாக ரூ.2,000. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமான அனெக்ஸர் 'டி' வேண்டும். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய சேவை மையங்களில் எங்கே தேதி கிடைத்தாலும் பையனையும் கூட அழைத்துப் போங்கள். விசா, பாஸ்போர்ட் எண்ணை வைத்துத் தரப்படுவது. ஆகவே புதுப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் விசா வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, இனிஷியல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிக்கலே இங்கேதான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. விரித்து எழுதியாக வேண்டும். வருகைப் பதிவேட்டில் 'எஸ். கவின்' என்று இருக்கும் பையன், பாஸ்போர்ட்டில் பெயர் 'கவின்', சர்நேம் 'செந்தில்குமார்' என்று இருப்பான். பதிவேட்டைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. குழு டிக்கெட்டில் பெயரைத் திருத்துவது செலவு பிடிக்கும் வேலை. எனவே பள்ளி, தட்டச்சு செய்த பட்டியலை வாங்கவே கூடாது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்க நகலை வாங்கி, அதன் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட வேண்டும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் முன்பதிவுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். துபாய், அபுதாபி போகும் பள்ளிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருபவர்களை ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது.

விசா கிடைத்துவிட்டது. 'அரைவல் கார்டு' என்று தனியாகப் பணம் கேட்கும் இணையதளங்கள் உண்மையானவையா?
– வாசகர், அம்பத்தூர்

பணம் கேட்டால் மூடிவிடுங்கள். எஸ்ஜி அரைவல் கார்டு முற்றிலும் இலவசம். சிங்கப்பூர் குடிவரவு ஆணையமான ஐசிஏ-வின் தளத்தில், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்; அதற்கு முன் முடியாது. இது விசாவுக்கு மாற்றும் அல்ல. அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. தங்கும் அனுமதி மின்னஞ்சலில்தான் வரும். ஆகவே, பொறுப்பு ஆசிரியர் அங்கே திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள்.

பையில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது? என் மகளுக்கு அங்கே சாப்பாடு பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் எல்லாம் தாராளமாகப் போகலாம். தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது கசகசா. நமக்கு அது குருமாவில் அரைக்கும் பொருள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். தனியாக வைக்கமாட்டீர்கள், ஆனால் வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கலாம். கொப்பரை, எண்ணெய் நிறைந்து எளிதில் தீப்பிடிப்பது என்பதால் செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. இறைச்சி, கருவாடு வேண்டாம். தொக்கு, ஊறுகாய் இரண்டும் விமானப் பாதுகாப்புக் கணக்கில் திரவம் போலத்தான். கைப்பையில் வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இட்லிப் பொடியையும் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. அதில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாமல், ஒரே ஒரு லிட்டர் ஜிப் பைக்குள். 200 மில்லி பாட்டிலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், 100 வரை அனுமதி உண்டு. எழுத்து அழிந்து கொள்ளளவு தெரியாத பழைய பவர் பேங்க்கைத்தான் பறிமுதல் செய்வார்கள். அங்கே சுவர் பிளக் மூன்று தட்டைக் கால்கள் கொண்டது. நம் உருண்டைக் கால் சார்ஜர் நுழையாது. அறைக்கு ஓர் அடாப்டர் போதும்.

விமானம் இறங்கும்போது காது அடைக்குமே என்று சூயிங்கம் கொடுத்தனுப்பும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுபோக 1992 முதல் தடை. புளிப்பு மிட்டாய் கொடுங்கள். சப்பி விழுங்கும்போது காது தானாகத் திறந்துகொள்ளும்.

மருந்துப் பெட்டியை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் போதாதா?
– வாசகர், கொளத்தூர்

ஆஸ்துமா இன்ஹேலர் போன்றவை பிள்ளையின் கைப்பையில் ஒன்று, ஆசிரியரிடம் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டிவைத்த இன்ஹேலரால் விமானத்தில் பயனில்லை. மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து நான்கு மட்டும் வைக்காதீர்கள். பெயரும் காலாவதி தேதியும் வெட்டுப்பட்ட மறுபாதியில் போய்விடும். முழுப் பட்டை, கூடவே டாக்டர் சீட்டு. கோடீன் கலந்த இருமல் சிரப் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, கண்டிப்பாக வேண்டாம்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு: பாராசிட்டமால் ஆனாலும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஒப்புதல் படிவத்தில் பிள்ளையின் எடை, ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, அளவு எல்லாம் இருக்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய, தொடங்கும் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் நாப்கின் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முதல் முறை அங்கேயே வந்தாலும் எந்த ஆசிரியையிடம் போக வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

கைச்செலவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? டூர் கட்டணத்தில் டிசிஎஸ் என்று பிடித்திருக்கிறார்களே?
– வாசகி, நங்கநல்லூர்

சாப்பாடும் நுழைவுச்சீட்டும் கட்டணத்திலேயே அடங்கியிருந்தால் நாளுக்கு 10 சிங்கப்பூர் டாலர் போதும், 2, 5, 10 டாலர் நோட்டுகளாக. சிறு உணவுக்கடைகள் கூடிய ஹாக்கர் சென்டரில் ஒரு சாப்பாடு சுமார் 5 முதல் 8 டாலர். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் மேலே ஏறும். 10 டாலர் என்று போட்டிருப்பது கிட்டத்தட்ட 12 ஆகிவிடும். இதைப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டே காட்டிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்தது, பாட்டிலை நிரப்பிக்கொண்டால் காசு மிச்சம்.

டிசிஎஸ் என்பது டூர் கட்டணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி. அந்தப் பணம் எங்கும் போய்விடாது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும். ஆனால் யாருடைய பான் எண் கொடுக்கப்பட்டதோ அவர் கணக்கில்தான் அது சேரும். யாருடைய எண்ணைக் கொடுத்தார்கள் என்று பள்ளியில் கேளுங்கள்.

40 பிள்ளைகளோடு எம்ஆர்டி ரயிலில் போகப் போகிறோம். யாராவது தவறிவிட்டால்?
– ஆசிரியை, அண்ணா நகர்

தவறும் என்று வைத்தே தயாராகுங்கள். கதவு சில நொடிகளில் மூடிவிடும், யாருக்காகவும் காத்திருக்காது. பிள்ளைகளுக்கு இரண்டே விதிகள். நடைமேடையில் விடுபட்டால், நின்ற இடத்திலேயே நில்; அடுத்த ரயிலில் ஏறாதே. ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அந்த நடைமேடையிலேயே நில். இரண்டு நிலையிலும் ஆசிரியர்தான் பிள்ளையைத் தேடி வர வேண்டும். பிள்ளையும் தேடக் கிளம்பினால் இருவரும் ஒருவரையொருவர் கடந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் பதியாது. நம் மெட்ரோவிலேயே ஒரு சனிக்கிழமை பழகுங்கள். விமான நிலையத்தில் ஏறி, ஆலந்தூரில் இறங்கி, அடுத்த தடத்துக்கு மாறி சென்ட்ரல் வரை. நடுவில் ஓர் ஆசிரியரோடு ஒரு சிறு குழுவை வேண்டுமென்றே விட்டுவிட்டு, விதிப்படி நிற்கிறார்களா என்று பாருங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். முதல் ஆசிரியர் முதல் கதவில், கடைசி ஆசிரியர் எல்லாரும் ஏறிய பிறகு. எண்ணிக்கை ஏறுமுன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை. தலையை எண்ணாமல், பிள்ளைகளே தங்கள் எண்ணைச் சொல்லட்டும். ஆசிரியரின் போன் எண்ணை +91 சேர்த்து மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். போனில் மட்டும் இருந்தால், போன் தொலையும்போது எண்ணும் தொலையும். ரயிலுக்குள் தின்பதும் குடிப்பதும் கூடாது, 500 டாலர் வரை அபராதம். அவசரத்துக்குக் காவல்துறை 999, ஆம்புலன்ஸ் 995.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட். அது இந்தியா திரும்ப மட்டும் செல்லும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட் நகல், இரண்டு புகைப்படம், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி செய்த ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில், மூலப் பாஸ்போர்ட்டிலிருந்து தனியாக வைத்திருங்கள்.

கல்விச் சுற்றுலா என்கிறார்கள். திரும்பி வந்தால் யுனிவர்சல் ஸ்டூடியோ மட்டும்தான் நினைவிருக்கிறது. படிப்பாக மாற்ற என்ன செய்யலாம்?
– ஆசிரியர், தாம்பரம்

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் என்றால் சென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தர வேண்டாம். சிங்கப்பூரின் தண்ணீர் நான்கு வழிகளில் வருகிறது: மழைநீர்த் தேக்கங்கள், பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து வாங்குவது, சுத்திகரித்த கழிவுநீரான நியூவாட்டர், கடல்நீர்க் குடிநீர். ஜொகூர் ஒப்பந்தம் 1962-இல் போட்டது, 2061-இல் முடிகிறது. 2008-இல் திறந்த மரீனா பராஜ் என்ற தடுப்பணை ஆற்று முகத்தை அடைத்துக் கடல்நீரை வெளியே நிறுத்துகிறது. நகரத்து மழைநீர் உள்ளே நன்னீராகச் சேர்கிறது. கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகைத் திறக்கிறார்கள். கடல் ஏறியிருந்தால் பம்பு வைத்து வெளியேற்றுகிறார்கள்.

கிளம்புமுன் செம்பரம்பாக்கம் ஏரி, நெம்மேலி கடல்நீர் ஆலை, கூவம் முகத்துவாரம் மூன்றையும் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழமான 24 அடி என்ற எண்ணைச் செய்தியில் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பராஜில் நின்று, 'கூவத்தில் இதைச் செய்தால் என்ன தடை?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடச் சொல்லுங்கள். கழிவுநீர் கலக்கும் ஆற்றை அடைத்தால் தேக்கமும் கழிவாகத்தான் இருக்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

'நாசா உங்கள் பிள்ளையை அழைக்கிறது' என்று பள்ளி வழியாக ஒரு நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பெருமைக்குரியதா?
– வாசகி, சோழிங்கநல்லூர்

ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்தை டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அழைப்பு தேவையில்லை. அருமையான இடம்தான், வசதி இருந்தால் அனுப்புங்கள். ஆனால் தேர்வு செய்யப்பட்டதாக நினைத்துக் கடன் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் முதல் 14 வயதுக்குட்பட்டவர்களும் பொதுவாக அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போக வேண்டியிருக்கிறது. விசா மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.