அண்ணாச்சி பதில்கள்: ஒன்பது மணிக்கு மேல் என்ன வியாபாரம்?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வேலை, சம்பளம், வீட்டு நிம்மதி. நான் 1984 முதல் 2015 வரை சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருந்துவிட்டு, இப்போது அம்பாசமுத்திரம் பக்கத்துச் சொந்த ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன். கல்லாவில் இருந்தபடி கற்றுக்கொண்டதைத்தான் சொல்ல முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வள்ளியூர். சென்னையில் ஐ.டி. வேலை, வயது 33. வீட்டுக்கடன் 55 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். மாதம் 47,700 ரூபாய் தவணை. முதல் தவணை இப்போதுதான் கட்டினேன். பதவி உயர்வு தருகிறேன் என்கிறார்கள். வரி போகக் கையில் 19,000 கூடும். ஆனால் இரவு ஷிப்ட். இப்போது சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் இருக்கிறேன். இனிமேல் அந்த நேரத்தில்தான் கிளம்ப வேண்டும். மகளுக்கு நாலு வயது. மனைவி, "இதெல்லாம் வேண்டாம், ஊருக்கே போயிருவோம்" என்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் என் கடைக் கதையைக் கேளுங்கள். பால் பாக்கெட் வருவதால் காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்குவேன். இறக்க ராத்திரி பத்தரை. 1996இல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது, கொள்முதலுக்காக இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் போயிற்று. அந்த வருடம் ஒருநாள் ராத்திரி எட்டு மணி, கடையில் நல்ல கூட்டம். போன் வந்தது. சின்னப் பிள்ளைக் குரல், ஏதோ சொல்ல ஆரம்பித்தது. "சொல்லுங்கம்மா, என்ன சரக்கு வேணும்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒண்ணும் வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டது. பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனபோதுதான் என் வீட்டுக்காரி சொன்னாள்: பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய சந்தோஷத்தில், பக்கத்து வீட்டில் கெஞ்சி போன் போட்டவள் என் மகள். எட்டு வயது. அவள் குரல் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. யாவாரி புத்தி யாவாரி புத்திதான். மறுநாள் ஒரு காரியம் செய்தேன். ஒன்பது மணிக்கு மேல் விற்பதற்கு மட்டும் தனிச் சிட்டை போட்டேன். ஒரு மாதம் எழுதினேன். என்ன விற்றது தெரியுமா? கொசுவத்தி, தீப்பெட்டி, வெற்றிலை பாக்கு, எப்போதாவது ஒரு ரொட்டிப் பாக்கெட். லாபம் சராசரியாக 60 ரூபாய். அதில் கரண்டுக்கும் கடைப் பையனின் ராத்திரி டிபனுக்கும் போக 40 ரூபாய் மிஞ்சியது. ஒன்றரை மணி நேரத்துக்கு நாற்பது ரூபாய்! இத்தனை வருடமும் அந்த நேரத்தில்தான் குடும்பத்தையே காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதுக்கு ஷட்டரை இறக்கினேன். முதல் வாரம் வயிறு கலங்கியது. எதிர்க்கடை அண்ணாச்சி பத்தரை வரை திறந்து வைத்திருந்தார். அப்புறம் பார்த்தால், பத்து மணிக்கு வந்தவர்கள் எட்டே முக்காலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் எதிர்க்கடைக்கே போய்விட்டார்கள். அதில் ஒருவர் எனக்குத் தரவேண்டிய 340 ரூபாய் பாக்கியோடு போனார். அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இப்போது உங்கள் சிட்டையைப் பார்ப்போம். ஆறரையிலிருந்து மகள் தூங்கும் ஒன்பதரை வரை மூன்று மணி நேரம். மாதம் 22 வேலைநாள் என்றால் 66 மணி நேரம். 19,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 288 ரூபாய் வருகிறது. அந்த விலைக்கு விற்க மனது வருகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு வரும். கந்து வட்டியில் மாட்டிக்கொண்டவனுக்கோ, வீட்டில் பெரிய வைத்தியச் செலவு இருப்பவனுக்கோ 288 ரூபாய் பெரிய காசு. அவனைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்கடன் பயம் ஒன்றுதான் தெரிகிறது.

அந்தப் பயத்துக்கும் கணக்கு உண்டு. வட்டி மாறாமல் இருந்து, கூடுதலாக வரும் 19,000 ரூபாயையும் ஒரு பைசா விடாமல் கடனில் கட்டினால், 20 வருடக் கடன் பத்து வருடம் சொச்சத்தில் தீரும். நல்ல லாபம்தான். ஆனால் அன்றைக்கு மகளுக்குப் பதினாலு வயது. நீங்கள் ஆறரைக்கு வீட்டுக்கு வர ஆரம்பிக்கும்போது அவள் டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். இன்னொரு வழி இருக்கிறது. ஷிப்ட் மாறாமல், வருடத்துக்கு ஒரே ஒரு தவணை மட்டும் கூடுதலாகக் கட்டுங்கள். போனஸ் பணம் வந்த உடனே, கைக்கு வந்த சூட்டோடு. கடன் பதினாறரை வருடத்தில் முடிந்துவிடும். மூன்றரை வருடம் மிச்சம், ஒரு ராத்திரிகூட விழிக்காமல். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கி அபராதம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டும்போது ஒன்றை மட்டும் எழுதிக் கொடுங்கள்: தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், வருடம் குறையட்டும் என்று.

"ஊருக்கே போயிருவோம்" என்பதற்கு வருகிறேன். உங்கள் மனைவி ஆசையில் தப்பில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாலும், வாடகைக்கு விட்டு வந்தாலும், 47,700 ரூபாய் உங்கள் பின்னாலேயே வரும். வாடகை அதில் பாதிகூடத் தேறாது. கங்கைகொண்டானில் ஐ.டி. பூங்கா இருக்கிறது, உண்மைதான். சென்னையைப் போல நாலு கம்பெனியைப் பார்த்து ஒன்றில் சேரும் வசதி இங்கே இல்லை. அப்புறம், ஊர் என்பது கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாள் வந்து போகும்போது ஒரு மாதிரி, இருந்து பார்த்தால் வேறு மாதிரி. நான் 2015இல் வந்த புதிதில் காலை நாலரைக்கு விழித்து, தூக்க ஷட்டர் இல்லாமல் வாசலில் நின்றிருக்கிறேன். ஆறு மாதம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். ஆற்றில் முங்கிக் குளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். குளிர்ந்தது உடம்பு மட்டும்தான்.

ஷிப்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பகல் வேலையில் அடுத்த உயர்வு எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஊர் விஷயத்தை இரண்டு வருடம் கழித்து, கடனில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். மனைவியிடம் இப்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவள் தினமும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

கேள்வி: திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பதரை வரை. கால் வீங்கி, வீட்டுக்குப் போனால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்கிறார்கள். சந்தோஷமாக இருப்பது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்களா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: சிரிக்க மாட்டேன் தாயி. மேலே தம்பிக்குச் சொன்ன சிட்டை வித்தை உங்களுக்குப் பலிக்காது. ஷட்டர் சாவி உங்கள் கையில் இல்லையே. உங்களுக்கு இருப்பது சட்டம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அப்போதும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரம் ஒரு நாள் லீவு. 2021இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். உங்கள் கால் வீக்கத்துக்காகவே போட்ட சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போய் முதலாளியிடம் இதை ஒப்பிக்காதீர்கள். மறுநாள் உங்கள் இடத்தில் வேறொரு பெண் நிற்பாள். பிரிவில் நாலைந்து பேர் சேர்ந்து, முதலில் மாடி மேலாளரிடம் நாற்காலியை மட்டும் கேளுங்கள். நேரத்தைப் பிறகு கேட்கலாம். மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் கடையில் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசு. கடையில் ஒரே ஒரு ஸ்டூல். அதில் நான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் இரண்டாவது ஸ்டூல் வாங்கத் தோன்றவே இல்லை. அந்தக் காலத்தில் இந்தத் திருத்தம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கால் அப்போதும் வலித்திருக்குமே.

கேள்வி: தெரிந்த அக்கா சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000. மகள் படிப்புக்காகச் சேரலாமா? (மேலப்பாளையம் வாசகி)

பதில்: 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். எண் தந்தால் பதிவுத் துறை அலுவலகத்தில் சரிபார்த்துவிட்டுச் சேருங்கள். "எங்கிட்டயே நம்பர் கேக்கியா" என்று கோபப்பட்டால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மகளுக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கலாம். வருடம் 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும்.

கேள்வி: எனக்கு 58 வயது. முக்கூடல். கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றுகிறேன். பி.எஃப். பிடிக்கிறார்கள். மகன் துபாயில் இருக்கிறான். "போதும்மா, நான் அனுப்புதேன்" என்கிறான். இருமலும் இருக்கிறது. ஆனால் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. அதோடு, ஆயிரம் பீடிக் கூலி என்றாலும் அது என் காசு அண்ணாச்சி.

பதில்: கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது, தங்கச்சி. மகன் எவ்வளவு தங்கமானவனாக இருந்தாலும், கோயிலுக்குப் பத்து ரூபாய், பேத்திக்குப் பாவாடை என்று ஒவ்வொன்றுக்கும் அவனிடம் வாய் திறந்து கேட்பது வேறு, சுருக்குப்பையை அவிழ்ப்பது வேறு. இது மகனுக்குப் புரியாது. அவனிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் இருமல் என்று எழுதிவிட்டீர்கள். புகையிலைத் தூளோடு அதை வைத்து விளையாட வேண்டாம். பீடி சுற்றும் சுளகை எடுத்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசுக்கு வழி இருக்கிறது. பத்து வருடம் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இருந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் ஆக்கினார்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் பி.எஃப். கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நடையாய் நடக்க விடுவார்கள். மகன் அனுப்புவதும் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும், மாதம் ஒரே தேதியில், நீங்கள் கேட்காமலே. கைக்கு வேலை வேண்டும் என்றால் உங்கள் ஊரில் உளுந்து உடைக்கவும் வற்றல் போடவும் ஆளா கிடைக்கிறது?

கேள்வி: திரும்ப 25 வயது கிடைத்தால் கடை போடுவீர்களா அண்ணாச்சி? (சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: போடுவேன். கடை போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. மகளைப் படிக்க வைத்ததும் இந்த வீட்டைக் கட்டியதும் அந்தக் கல்லாதான். ஸ்டூல் மட்டும் நாலு வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு பூட்டிவிடுவேன். கொடைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வரும்போது கல்லாச் சாவியை மடியில் முடிந்துகொண்டு வராமல் எதிர்க்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வருவேன். மனுஷன் 340 ரூபாய் பாக்கிக்காரரையே வைத்துச் சமாளித்தவர்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும். எடுத்ததும், "என்ன சரக்கு வேணும்னு கேக்கணும்லா அண்ணாச்சி?" என்பாள். கேட்பேன். நேற்று இரண்டு கட்டு கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஒரு கிலோ கருப்பட்டி சொன்னாள். சிட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்குக் கூரியர் ஆபீஸுக்குப் போக வேண்டும்.