கேள்வி–பதில்: பனிக்கு அடியில் ஒரு வலை

போன இதழில் கனடாவின் கிரீ பழங்குடிகளைப் பற்றி நாலே நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துப் பதில் சொல்கிறேன். கிரீ மக்கள் கனடாவின் பல மாகாணங்களில் பரவியிருக்கிறார்கள், இங்கே நான் பேசுவது கியூபெக்கின் வடக்கே, ஜேம்ஸ் வளைகுடாப் பகுதியில் உள்ள ஒன்பது ஊர்க்காரர்களைப் பற்றி மட்டும்.

கண்ணுக்கெட்டிய தூரம் காடு இருக்கும்போது, இவர்கள் ஏன் ஏரிக்கரையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? – தேனி வாசகர்

விமானத்தில் இருந்து பார்த்தால்தான் அது காடு. இறங்கி நடந்தால் பாதி தண்ணீர், கொஞ்சம் சதுப்பு, மிச்சம்தான் ஸ்ப்ரூஸ் மரம். அந்த ஸ்ப்ரூஸ் கூட்டத்துக்கு நடுவே ஒரு குடும்பம் வயிறு நிரம்பச் சாப்பிட அதிகம் ஒன்றும் கிடைக்காது. சாப்பாடு இருப்பது கரையில். பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு வளை கட்டுவது அங்கே, மூஸ் மான் கோடையில் நீர்ச்செடி மேய இறங்குவது அங்கே, வசந்தத்தில் தெற்கிலிருந்து வரும் பெரிய வாத்துகள் உட்காருவதும் அங்கேதான். அப்புறம், சாலை என்பதே இல்லாத காலத்தில் கோடையில் படகுக்கும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டிக்கும் ஏரிதான் வழி.

முகாம் போடுவதிலும் கணக்கு உண்டு. காற்று நேராக அடிக்காத முனை வேண்டும், பக்கத்திலேயே நின்றபடி காய்ந்துபோன மரம் விறகுக்குக் கிடைக்க வேண்டும், கூடாரத் தரையில் பரப்பப் பச்சைக் கிளைகள் வேண்டும், வலை போடத் தோதான ஆழம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விறகு தீர்ந்தால் முகாமும் இடம் மாறும்.

ஏரி உறைந்தபின் பனிக்கு அடியில் வலை விரிக்கும் முறையை முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரே நேர்கோட்டில் வரிசையாகத் துளை போடுகிறார்கள். இரண்டு துளைக்கு நடுவில் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் நீளமான கழியில் கயிற்றைக் கட்டி, முதல் துளை வழியாக உள்ளே விட்டு, கவைக்கம்பால் அடுத்த துளைக்குத் தள்ளுகிறார்கள். அங்கிருந்து அடுத்தது. கடைசித் துளையில் கழி வெளியே வந்ததும் கயிற்றை இழுத்தால், மறுமுனையில் கட்டிய வலை பனிக்கு அடியில் விரிந்துகொண்டே வரும். பிறகு நடுத்துளைகளைப் பற்றிக் கவலையில்லை, இரண்டு ஓரத் துளைகளை மட்டும் மூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலையை எடுத்ததும் ஒயிட்ஃபிஷ் மீன் துள்ளித் துள்ளிக் கொஞ்ச நேரத்தில் அப்படியே உறைந்து கட்டையாகிவிடும். ஐஸ் பெட்டிச் செலவு மிச்சம்!

அந்தக் கரை யாருக்குச் சொந்தம்? பட்டா மாதிரி ஏதாவது உண்டா? – கும்பகோணம் வாசகர்

பட்டா இல்லை. ஆனால் எந்த ஏரி எந்தக் குடும்பத்தின் பொறுப்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தப் பகுதி முழுவதும் சுமார் 300 வேட்டைப் பரப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது, ஆங்கிலத்தில் டிராப்லைன் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பாளர், அவருக்கு டாலிமேன் என்று பெயர். 1920-களில் வெளியாட்கள் புகுந்து பீவரை ஏறக்குறைய துடைத்துவிட, 1930-களில் பீவர் காப்பகங்கள் அமைத்தார்கள். வளைகளை எண்ணிக் கணக்குச் சொல்லும் வேலையை அந்தந்தப் பெரியவரிடம் விட்டார்கள். ஆங்கிலத்தில் டாலி என்றால் எண்ணிக் கணக்கு வைப்பது; பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது, அதிகாரம் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. எந்தப் பக்கம் இந்த வருடம் வேட்டை, எந்தப் பக்கத்தை இரண்டு மூன்று வருடம் சும்மா போடுவது, யார் வரலாம் என்பதெல்லாம் அவர் சொல்படிதான்.

அரசாங்கக் காகிதத்தில் வேறு கணக்கு. கனடா, கியூபெக் அரசுகளோடு கிரீ மக்கள் போட்ட 1975 ஒப்பந்தம் நிலத்தை மூன்று வகையாக்கியது. கிரீ மக்கள் தாங்களே நிர்வகிக்கும் முதல் வகை மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். இரண்டாம் வகையில் வேட்டையும் மீன்பிடிப்பும் அவர்களுக்கு மட்டும். மிகப் பெரிய பங்கு மூன்றாம் வகை, அங்கே மரக் கம்பெனிகளும் வரலாம். ஏரிக்கரையில் 20 மீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்டு என்பது கியூபெக் வனவிதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் இருந்த காட்டை வழித்துவிட்டால் அந்த ஒல்லிப் பட்டை காற்றுக்கு நிற்காமல் சாய்கிறது, மூஸ் ஒதுங்கவும் போதவில்லை. 2002-இல் வந்த இன்னொரு ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மரம் வெட்டும் ஒவ்வொரு பரப்பிலும் 1 சதவீதத்தை முகாம், கல்லறை போன்ற முக்கியமான இடங்களுக்கு என்றும், 25 சதவீதத்தைக் காட்டுயிர்களுக்கு என்றும் தனியாகக் குறிக்கும் ஏற்பாடு வந்தது. குறிப்பதில் டாலிமேனுக்கும் பேச்சு உண்டு.

மாண்ட்ரியலில் எங்கள் வீட்டு ஹீட்டர் ஓடுவது நீர்மின்சாரத்தில். புகை இல்லாத மின்சாரம், அதில் கிரீ மக்களுக்கு என்ன குறை? – மாண்ட்ரியல் வாசகி

உங்கள் ஹீட்டரில் இருந்தே ஆரம்பிக்கிறேன் அம்மா. குளிர்காலத்தில்தான் கியூபெக்கில் மின்சாரம் அதிகம் வேண்டும், அதனால் கிரீ மக்களின் நிலத்தில் ஓடும் லா கிராண்ட் நதியின் அணைகளில் குளிர்காலத்தில்தான் தண்ணீரை அதிகம் திறந்துவிடுகிறார்கள். இயல்பாக ஒடுங்கி, கெட்டியாக உறைந்து கிடக்க வேண்டிய மாதத்தில் ஆறு பாய்கிறது. முகத்துவாரத்தில் இருக்கும் சிசாசிபி ஊர்க்காரர்கள் நம்பி நடந்த பனிப்பாதை நம்ப முடியாததாகிவிட்டது. மேலே நீர்த்தேக்கத்தில் அதற்கு நேர் எதிர். தண்ணீர் கீழே இறங்க, பனித் தகடு கரையோரம் தொங்கி நிற்கிறது, காலை வைத்தால் போச்சு.

இந்த நீர்மின் திட்டத்தை 1971-இல் அறிவித்தபோது கிரீ மக்களை யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 1973 நவம்பரில் நீதிபதி மாலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார், ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. பேரம் பேசித்தான் 1975 ஒப்பந்தம் வந்தது. பெரிய நீர்த்தேக்கம் ஒன்று மட்டும் சுமார் 2,800 சதுர கிலோமீட்டர். அதற்குள் போனது காடு மட்டுமில்லை, நான் மேலே சொன்ன அந்தக் கரைகளும்தான். புதுக் கரை வந்ததே என்பார்கள். நீர்மட்டம் வருடா வருடம் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும் கரையில் பீவர் எங்கே வளை கட்டும்?

மீன் கதை இன்னும் மோசம். மூழ்கிய செடியும் மண்ணும் அழுகும்போது அங்கே பெருகும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்னும் பைக் மீனில் பல மடங்கு சேர்ந்துவிடுகிறது. மற்ற மீனைத் தின்னாத ஒயிட்ஃபிஷில் குறைவு. அளவு பழைய நிலைக்கு இறங்க இருபது முப்பது வருடம் ஆகும். ஆனால் "மீனில் விஷம்" என்ற பேச்சு கிளம்பியதும் பலர் எந்த மீனையும் தொடவில்லை. வலை போடும் பழக்கம் விட்டுப்போனது, அந்த இடத்தைக் கடைச் சாப்பாடு பிடித்துக்கொண்டது. மின்சாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகை இல்லை என்பதால் செலவும் இல்லை என்று நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போதும் காட்டுக்குப் போகிறார்களா, இல்லை எல்லாம் பழைய கதையா? – சேலம் வாசகி

போகிறார்கள். ஸ்னோமொபைலில், கையில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு. வசந்தத்தில் வாத்து வேட்டைக்காகப் பள்ளிக்கே விடுமுறை விடுகிறார்கள், நமக்குப் பொங்கல் லீவு மாதிரி. வேட்டையையே தொழிலாகக் கொண்ட குடும்பத்துக்குக் காட்டில் தங்கும் நாள் கணக்கில் பணம் தரும் திட்டம் 1976 முதல் இருக்கிறது.

பீவர் எலும்பைத் திரும்ப ஏரியிலேயே போடுகிறார்களாமே, மூடநம்பிக்கைதானே? – பெயர் போடாத வாசகர்

ஆமாம், போடுகிறார்கள், நாய் வாயில் பட விடமாட்டார்கள். கரடியின் மண்டையோட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. விலங்கு தானாகத் தன்னைக் கொடுக்கிறது, மரியாதை தராதவனுக்கு அடுத்த முறை கிடைக்காது என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் அதை என்ன பெயர் வைத்து வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். பெயரை மட்டும் அடுத்த கடிதத்திலாவது போடுங்கள் சார்.