கட்டடக் கேள்வி பதில்: கியூப் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: எங்கள் வீட்டு மேல்தட்டுக்கு 25 ஆம் தரக் கொங்கிறீற்று வேண்டுமென்று பொறியியலாளர் எழுதியிருந்தார். ஏழாம் நாள் உடைத்த மூன்று கியூப்களின் (சோதனைக்காக வார்த்த கனசதுரக் கட்டிகளின்) சராசரி வலிமை சதுர மில்லிமீற்றருக்கு 16 நியூற்றன் தான். 28 ஆம் நாள் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். நம்பலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சாதாரண போட்லண்ட் சீமெந்தில் செய்த கொங்கிறீற்று ஏழு நாளில் தன் 28 ஆம் நாள் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அடைந்துவிடும். அந்தக் கணக்கில் உங்கள் 16, சுமார் 24 ஆகலாம். ஆனால் 25 ஆம் தரம் என்பது சராசரி 25 ஆக இருந்தால் போதும் என்று பொருள்படாது. சோதனை முடிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூற்றனுக்குக் கீழே விழக்கூடாது என்பதே அதன் பொருள். ஆகவே சராசரி அதைவிட நன்றாகவே உயர்ந்திருக்க வேண்டும். 28 ஆம் நாள் முடிவு வரும்வரை மேல்தட்டின் மீது சுவர் எழுப்புவதை நிறுத்தி வைப்பதும், முட்டுகளை அகற்றுவது குறித்துப் பொறியியலாளரைக் கேட்பதும் நல்லது.

குறைவுக்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். 50 கிலோ சீமெந்து மூடைக்கு 25 லீற்றர் தண்ணீர் என்று கணக்கிட்ட கலவையில், இளக்கமாக வரட்டும் என்று மேசன் பத்து லீற்றர் வாளி ஒன்றைக் கூடுதலாக ஊற்றினால் நீர்–சீமெந்து விகிதம் 0.5 இலிருந்து 0.7 ஆகிவிடும். இந்த விகிதம் ஏற ஏற வலிமை குறையும் என்பதை அமெரிக்கரான டஃப் ஆப்ராம்ஸ் 1918 இலேயே நிறுவிவிட்டார். மாரி மழையில் நனைந்து கிடக்கும் மணல் தானே தண்ணீரைக் கொண்டுவரும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நூறு கிலோ மணலில் ஐந்து சதவீத ஈரம் என்றால் அதுவே ஐந்து லீற்றர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 150 மில்லிமீற்றர் கியூப் ஆய்வுகூடத் தொட்டியில் முழுநேரமும் தண்ணீருக்குள் கிடக்கிறது. உங்கள் மேல்தட்டோ கச்சான் காற்றில் காய்கிறது. கியூப் தேறினாலும், வரம்பு கட்டித் தண்ணீர் தேக்காமலும் ஈரச் சாக்குப் போடாமலும் விட்ட தட்டு அந்த வலிமையை எட்டாது. 28 ஆம் நாளும் குறைந்தால் சுத்தியல் சோதனையோடு நின்றுவிடாதீர்கள். அது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். தட்டிலிருந்தே உருளை வடிவில் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது.

கேள்வி: கணினியில் தூணை மாதிரியுருவாக்கும்போது மென்பொருள் தகைப்பு–விகார வளைவை, அதாவது பாரம் ஏற ஏறக் கொங்கிறீற்று எவ்வளவு சுருங்குகிறது என்ற வரைபைக் கேட்கிறது. ஆய்வுகூடமோ கியூப் வலிமை என்ற ஒரே எண்ணைத் தருகிறது. அந்த எண்ணை அப்படியே இடலாமா? (தொழினுட்பக் கல்லூரி மாணவர், திருகோணமலை)

பதில்: இடக்கூடாது. உடைந்த கியூப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவே உடுக்கைபோல் ஒடுங்கியிருக்கும். இயந்திரத்தின் உருக்குத் தட்டுகள் உராய்வினால் மேல், கீழ் முகங்களை விரியவிடாமல் பிடித்துக்கொள்வதே அதற்குக் காரணம். இந்தப் பிடி கியூப்புக்கு இல்லாத பலத்தையும் கொடுத்துக் காட்டுகிறது. உயரம் விட்டத்தின் இரு மடங்கான உருளையில் நடுப்பகுதி அந்தப் பிடியிலிருந்து விடுபடுவதால், அதே கொங்கிறீற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே தாங்கும்.

இதனால்தான் 2010 இல் மீளப்பெறப்பட்ட பிரித்தானிய விதிக்கோவையான பீ.எஸ். 8110, கியூப் வலிமையை 0.67 ஆல் பெருக்கி, பிறகு 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுக்கிறது. அதன்படி 25 என்பது வடிவமைப்பில் சுமார் 11 ஆகிவிடும். வளைவின் வடிவத்தையும் விதிக்கோவையே தருகிறது: தொடக்கத்தில் பரவளைவாக ஏறி, பிறகு மட்டமாகச் சென்று, 0.0035 விகாரத்தில் முடியும். இழுவை வலிமை நெருக்கல் வலிமையில் பத்தில் ஒரு பங்களவே என்பதால், வளைதலுக்கான கணக்கில் அதை விட்டுவிட்டு, இழுவை முழுவதையும் கம்பியிடம் ஒப்படைக்கிறோம்.

கொங்கிறீற்றின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டுக்கு 25 ஆம் தரத்தில் 25 கிகாபசுக்கால் என்று எடுப்பது வழக்கம். ஆனால் அது கல்லின் தன்மையைப் பொறுத்துக் கூடிக் குறையும். நீண்ட காலப் பாரத்தில் கொங்கிறீற்று மெல்ல மெல்லத் தளர்வதையும் சேர்க்காவிட்டால், கணினி காட்டும் தொய்வு உண்மையின் பாதிகூட இராது. திரையில் வரும் வண்ணப் படங்களில் எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை. ஒரு உத்திரத்தையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே நான் அவற்றை நம்புவேன்.

கேள்வி: ஆற்று மணல் விலை ஏறிவிட்டது. கடற்கரை மணலில் செய்த கியூப் நன்றாகத் தேறியதாக ஒருவர் சொன்னார். பயன்படுத்தலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: கியூப் தேறும், அதில்தான் ஆபத்து. உப்பிலுள்ள குளோரைட்டு சீமெந்து இறுகுவதை விரைவுபடுத்துவதால், ஏழாம் நாள் எண் சற்றுக் கூடவும் கூடும். கியூப்புக்குள் கம்பி இல்லை, ஆகவே துருப்பிடிக்க எதுவுமில்லை. வீட்டில் கம்பி இருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், சில ஆண்டுகளில் கம்பியின் வழியே வெடிப்பு ஓடிக் கொங்கிறீற்று பொருக்காகக் கழன்று விழும். கம்பியிட்ட கொங்கிறீற்றில் குளோரைட்டு சீமெந்து நிறையில் 0.4 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது. அதை நசுக்கும் இயந்திரம் சொல்லாது, இரசாயனச் சோதனைதான் சொல்லும். அனுமதியின்றிக் கடற்கரை மணல் அள்ளுவது சட்டவிரோதம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.