லைன் நின்ற நேரத்தை எழுதுகிற வேலைக்கு எதிர்காலம் உண்டா?

டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்த மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்தும், மெஷினில் விடாமல், உற்பத்தி லைன் எத்தனை மணிக்கு நின்றது, எந்த பார்ட் இல்லாமல் நின்றது என்று எழுத வைத்திருக்கிறார்கள், இதற்கா மூன்று வருடம் படிக்க வைத்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அவசரப்பட்டு வேலையை விடச் சொல்லாதீர்கள்.

எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம். சாப்பாடு, டீ போக 430 என்று வைத்துக்கொள்வோம். சர்க்யூட் போர்டில் சிறு பாகங்களைப் பொருத்தும் மெஷினில் ரீல் (பாகங்கள் சுற்றி வரும் சுருள்) தீர்ந்து, அடுத்த ரீல் வராமல் 43 நிமிடம் நின்றால், பத்தில் ஒரு பங்கு நேரம் போய்விட்டது. அரை நிமிடத்துக்கு ஒரு போர்டு வரும் லைனில் அது 86 போர்டு.

சரி, இதை எழுத டிப்ளமோ எதற்கு? 'மெட்டீரியல் இல்லை' என்று மட்டும் எழுதுவதானால் தேவையில்லைதான். சப்ளையரே அனுப்பவில்லையா? ஸ்டோரில் இருந்தும் லைனுக்கு வந்து சேரவில்லையா? கம்ப்யூட்டரில் ஐயாயிரம் காட்டுகிறது, ரேக்கில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லையா? வந்த சரக்கு தரச் சோதனையில் நின்று கிடக்கிறதா? நான்கிலும் மெஷின் ஒரே மாதிரிதான் நிற்கும்; போய்க் கேட்க வேண்டிய ஆள்தான் வேறு. அதைப் பிரித்து எழுதத் தெரிந்த பையனைப் பிளானிங் பிரிவு கவனிக்கும்.

இன்னொன்று. வரிசையில் மூன்று மெஷின் இருந்து நடுவில் உள்ளது பார்ட் இல்லாமல் நின்றால், கொஞ்ச நேரத்தில் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் நின்றுவிடும். மூன்றின் நிமிடங்களையும் கூட்டிப் போட்டால் நஷ்டம் மூன்று மடங்காகத் தெரியும். முதலில் நின்றது எது என்று பார்த்து அதன் கணக்கில் எழுத வேண்டும். லைன் பக்கத்தில் நின்று கவனித்தால்தான் இது பிடிபடும்.

ஓ.இ.இ. என்ற சொல் வீட்டில் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். மெஷினை எவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தினோம் என்று காட்டும் கணக்கு அது; ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா பரப்பிய டி.பி.எம். என்ற மெஷின் பராமரிப்பு முறையிலிருந்து வந்தது. மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், நல்ல பொருளின் விகிதம் மூன்றையும் பெருக்கிச் சொல்வது. பார்ட் பற்றாக்குறையை அதில் சேர்ப்பதா, தனியாகக் காட்டுவதா என்பதில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வழக்கம் மாறும். தன் கம்பெனியில் எப்படி என்று தம்பி கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த இன்டர்வியூவில் உதவும்.

இந்த வேலையில் சங்கடமும் உண்டு. புரொடக்ஷன் ஆட்கள் ஸ்டோரைக் கைகாட்டுவார்கள், ஸ்டோர் ஆட்கள் மெஷினைக் கைகாட்டுவார்கள், நடுவில் பேனா பிடித்தவனிடம் 'பத்து நிமிடம் குறைத்துப் போடு தம்பி' என்பார்கள். குறைத்துப் போட வேண்டாம். நேரத்தை அப்போதே குறித்து, லைன் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடட்டும்.

2021 செப்டம்பரில் சிப் தட்டுப்பாட்டால் தன் உற்பத்தி வழக்கமான அளவில் 40 சதவீதமாகத்தான் இருக்கும் என்று மாருதி சுசுகி அறிவித்தது. பார்ட் வரத்தைக் கண்காணிக்கத் தெரிந்தவர்களின் அருமை அப்போது பலருக்கும் புரிந்தது.

அதனால் ஒரு வருடம் இருக்கட்டும். எக்ஸலில் பிவட் (விவரங்களை வகை பிரித்துத் தொகுக்கும் அட்டவணை) நன்றாகப் பழகட்டும். ஆறு மாதம் கழித்து ஸ்டோரிலோ பிளானிங்கிலோ கொஞ்ச காலம் போடச் சொல்லி மேலாளரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். கேட்டும் வருடக்கணக்கில் டைப் அடிக்க மட்டுமே வைத்தால், அப்போது வேறு இடம் பார்ப்பது நியாயம்.

அப்புறம், பணி ஆர்டரை எடுத்து ஒருமுறை படியுங்கள். அப்ரண்டிஸ் என்று போட்டிருந்தால், பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்று உறுதி கிடையாது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் போடத் தொடங்கச் சொல்லுங்கள்.