சர்வோ ஆம்ப்ளிஃபையரில் 'கன்ட்ரோல் வோல்டேஜ் லோ' அலாரம் ஏன் வருகிறது?

சர்வோ ஆம்ப்ளிஃபையர் என்பது இயந்திரத்தின் மோட்டாரை இயக்கும் கருவி. அதற்கு இரண்டு மின்சாரம் தேவை. மோட்டாரைச் சுழற்றுவது ஒன்று. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டை இயக்கும் 24 வோல்ட் டிசி இன்னொன்று. இந்த அலாரம் இரண்டாவதைப் பற்றியது. ஃபானுக் நிறுவனத்தின் ஆல்ஃபா ஐ வரிசையில் சர்வோ ஆம்ப்ளிஃபையருக்கு 434 என்ற அலாரம் எண் வரும்.

24 வோல்ட் குறைந்தால் பவர் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறக்காமல் சூடேறி எரிந்துபோகலாம். அதனால்தான் ஆம்ப்ளிஃபையர் முன்கூட்டியே நின்றுவிடுகிறது.

பேட்டரி இறங்கிய பைக்கில் இண்டிகேட்டர் எரியும், செல்ஃப் அடித்தால் மங்கும். இதுவும் அப்படித்தான். சும்மா அளந்தால் 24 காட்டும். லோடு ஏறும்போது இறங்கும். ஆகவே ஆம்ப்ளிஃபையருக்கு 24 வோல்ட் வரும் கனெக்டரில், இயந்திரம் ஆனில் இருக்கும்போதே அளக்க வேண்டும். 22.8க்குக் கீழே போகக் கூடாது. (உள்ளே மோட்டாருக்கான உயர் மின்னழுத்தம் இருக்கும் டிசி லிங்க் உயிரைப் பறிக்கக்கூடியது; பழகியவர் மட்டும் கை வைக்கட்டும்.)

பிறகு தளர்ந்த கனெக்டர், கன்ட்ரோல் போர்டின் ஃபியூஸ், பவர் சப்ளை என்று பாருங்கள். அதே 24 வோல்ட்டில் பிரேக் காயிலையும் (மோட்டார் பிரேக்கை விடுவிக்கும் மின்சுருள்) இணைத்திருந்தால், அதுவும் ஒரு லோடு என்பதால், என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

மோட்டார் பழுது என்று பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். இந்த அலாரம் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் பற்றியதே அல்ல.